காய்ச்சல் காலத்துக்கு ஒரு தனி விதி வேண்டும்: காப்பீட்டு ஆணையத்துக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்:
தலைவர் மற்றும் உறுப்பினர்கள்,
இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையம்,
ஐதராபாத்.

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மதுரையில் நடுத்தர அளவுள்ள ஒரு தனியார் மருத்துவமனையின் காப்பீட்டு மேசையில் 13 ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். நோயாளியின் பாலிசி அட்டையை வாங்கிப் பார்ப்பது, முன் அனுமதிப் படிவத்தை நிரப்பி மருத்துவரிடம் கையெழுத்து வாங்குவது, காப்பீட்டு நிறுவனங்களுக்காகக் கோரிக்கைகளைக் கையாளும் டிபிஏ நிறுவனத்துக்கு அனுப்புவது, அவர்கள் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் தேடி அனுப்புவது, கடைசியில் அனுமதிக் கடிதம் வரும்வரை கணினித் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பது, இவைதான் என் வேலை. காப்பீடு வைத்திருப்பவர் படுக்கைக்குப் போவதும் என் மேசையைக் கடந்துதான், படுக்கையை விட்டு வீட்டுக்குப் போவதும் என் மேசையைக் கடந்துதான்.

போன ஐப்பசியில் ஒரு நாள். இரண்டாம் மாடியில் ஒரு பெரியவருக்குக் காலை 10 மணிக்கே மருத்துவர் வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டார். அவரும் வேட்டி மாற்றிக்கொண்டு, பையைக் கட்டி மடியில் வைத்துக்கொண்டு, கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். 11.20க்கு நான் இறுதிப் பில்லை அனுப்பினேன். பகல் 2 மணியை நெருங்கும்போது ஒரு கேள்வி வந்தது. மூன்றாம் நாள் ரத்தப் பரிசோதனைத் தாளில் ஆய்வக முத்திரை தெளிவாக இல்லையாம். தாளைத் தேடி எடுத்து, மறுபடி முத்திரை வாங்கி, படம் பிடித்து அனுப்பினேன். அனுமதி வந்தபோது மாலை 4.10.

அதே நேரத்தில் கீழே அவசரப் பிரிவில் 11 வயதுப் பையன் ஒருவன் பெஞ்சில் படுத்திருந்தான். டெங்கு. கையில் ஊசி ஏறியிருந்தது. குளுகோஸ் பாட்டிலை மாட்டக் கம்பி இல்லாமல் அவனுடைய அப்பா அதைக் கையில் தூக்கிப் பிடித்தபடி நின்றார். கை வலிக்கும்போது அம்மா வாங்கிக்கொள்வார். அவர்கள் மூன்று முறை என்னிடம் வந்து, "மேடம், படுக்கை எப்போது காலியாகும்?" என்று கேட்டார்கள். படுக்கை காலியாகத்தான் இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். நோய் தீர்ந்தவரும் நோயோடு வந்தவரும் ஒரே மின்னஞ்சலுக்காகக் காத்திருந்தார்கள். அந்தப் பையன் பிழைத்து, ஐந்தாம் நாள் நடந்தே வீட்டுக்குப் போனான். அதனால்தான் இதை உட்கார்ந்து எழுதும் மனம் எனக்கு இருக்கிறது.

நான் கேட்பது ஒன்றுதான். மருத்துவமனைகள் நோயாளிகளால் நிரம்பி வழியும் காலத்துக்கென்று காப்பீட்டு விதிகளை எப்படித் தளர்த்துவது என்பதை இப்போதே, அமைதியான நாளிலேயே, எழுதி வையுங்கள். வெள்ளம் வந்த பிறகு மதகு கட்ட முடியாது.

உங்கள் ஆணையம் இதுவரை ஒன்றும் செய்யவில்லை என்று நான் சொல்லவில்லை. 2020 மார்ச்சிலேயே கொரோனா க்ளெய்ம்களை எப்படிக் கையாள வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினீர்கள். ஏப்ரலில், நோயாளி கையிலிருந்து பணம் கட்டாமல் சிகிச்சை பெறும் கேஷ்லெஸ் அனுமதியையும் டிஸ்சார்ஜ் அனுமதியையும் இரண்டு மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்றீர்கள். அந்த ஜூலையில், அரசு அனுமதித்த தற்காலிக மருத்துவமனைகளையும் மருத்துவமனையாகவே கருதி க்ளெய்ம் தர வேண்டும் என்றீர்கள். அதே மாதம் கொரோனா கவச் பாலிசி வந்தது. 14 நாள் வரை வீட்டில் எடுத்துக்கொண்ட சிகிச்சைக்கும் அதில் பணம் கிடைத்தது. என் மேசையில் இருந்தபடி ஒவ்வொன்றின் பலனையும் கண்ணால் பார்த்தேன்.

ஆனால் 2021 ஏப்ரலை நினைத்துப் பாருங்கள். இரண்டாம் அலை தலைக்கு மேல் போய்க்கொண்டிருந்தது. கேஷ்லெஸ் மறுக்கப்படுகிறது என்ற புகார்கள் குவிந்து, 22ஆம் தேதி மத்திய நிதியமைச்சரே உங்கள் தலைவரிடம் பேசி நடவடிக்கை எடுக்கச் சொல்ல வேண்டி வந்தது. 28ஆம் தேதி தில்லி உயர் நீதிமன்றம் தலையிட்டது. காப்பீட்டு நிறுவனங்கள் பில்லுக்கு அனுமதி தர மணிக்கணக்கில் எடுத்துக்கொள்வதால் படுக்கைகள் முடங்கிக் கிடக்கின்றன, 30 நிமிடத்திலிருந்து 60 நிமிடத்துக்குள் முடிவைச் சொல்ல வேண்டும் என்றது. மறுநாளே உங்கள் சுற்றறிக்கை வந்தது: கேஷ்லெஸ் அனுமதிக்கு ஒரு மணி நேரம், டிஸ்சார்ஜுக்கு ஒரு மணி நேரம்.

ஒரே நாளில் அதைச் செய்ய முடிந்தது. அப்படியானால் ஒரு மாதம் முன்பே செய்திருக்க முடியும். சென்னையில் அரசு மருத்துவமனை வாசலில் ஆம்புலன்சுகள் வரிசை கட்டி நின்றதும், ரெம்டெசிவிர் மருந்துக்காகக் கீழ்ப்பாக்கத்தில் மக்கள் விடிய விடியக் காத்துக் கிடந்ததும் அதே வாரங்களில்தான். மே 21ஆம் தேதி ஒரே நாளில் தமிழ்நாட்டில் 36,184 பேருக்குத் தொற்று உறுதியானது. அந்த நாட்களில் ஒரு மணி நேரம் என்பது வேறு மணி நேரம்.

இன்னொன்றும் இருக்கிறது. அந்தத் தளர்வுகளில் பெரும்பாலானவை ஒரு நோயின் பெயரோடு பிணைக்கப்பட்டிருந்தன. பக்கத்துக் கட்டிலில் டெங்குவோடு படுத்திருந்தவருக்கு அவை பொருந்தவில்லை. இருவரும் படுத்திருந்தது ஒரே வார்டு, காத்திருந்தது ஒரே மேசை. 2012இலும் 2017இலும் தமிழ்நாடு டெங்குவால் எப்படித் தவித்தது என்பதை இங்கு யாரும் மறக்கவில்லை. 2017இல் மட்டும் 23,000 பேருக்கு மேல் பாதிக்கப்பட்டதாகப் பதிவானது. வடகிழக்குப் பருவமழை வந்தால் காய்ச்சலும் வரும் என்பது எங்கள் ஊரில் பஞ்சாங்கத்தில் எழுதாத குறிப்பு. அடுத்து வரப்போகும் காய்ச்சலுக்கு என்ன பெயர் என்று யாருக்கும் தெரியாது. பெயர் வைத்த பிறகுதான் தளர்வு என்றால், பெயர் வைப்பதற்கு முன் வந்த நோயாளிகள் என்ன செய்வார்கள்?

2024 மே 29ஆம் தேதி நீங்கள் வெளியிட்ட முதன்மைச் சுற்றறிக்கை, எல்லா நோய்களுக்கும் ஒரு மணி நேரத்துக்குள் கேஷ்லெஸ் முடிவு, மூன்று மணி நேரத்துக்குள் டிஸ்சார்ஜ் அனுமதி என்று விதித்தது. மூன்று மணி நேரத்தைத் தாண்டினால் மருத்துவமனை கூடுதலாகக் கேட்கும் பணத்தை நிறுவனம் தன் பங்குதாரர் நிதியிலிருந்து தர வேண்டும் என்றும் சொன்னது. என் 13 ஆண்டுகளில் நான் படித்த சுற்றறிக்கைகளில் நோயாளியின் பக்கம் நின்று எழுதப்பட்டது என்று மனதாரச் சொல்லக்கூடியது அது. அதற்கு நன்றி.

இருந்தும் அந்தப் பெரியவர் 4.10 வரை உட்கார்ந்திருந்தார். ஏன் என்று சொல்கிறேன். கேள்வி ஒன்று வந்துவிட்டால் கடிகாரம் மறுபடி பூஜ்யத்திலிருந்து ஓடுவதாக எடுத்துக்கொள்கிறார்கள். நேரம் முடியும் தறுவாயில் கேள்வி வருவதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். வேண்டுமென்றே செய்கிறார்கள் என்று நான் குற்றம் சாட்டவில்லை. மறுமுனையில் இருப்பவரும் என்னைப் போன்ற ஊழியர்தான், அவர் முன்னாலும் நூறு கோப்புகள் இருக்கும். ஆனால் காய்ச்சல் காலத்தில் ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர் யார் என்பதை நினைத்துப் பாருங்கள். நான் அல்ல, வார்டு மருத்துவர். 20 பேரைப் பார்க்க வேண்டியவர் 60 பேரைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவரை மாடிப்படியில் மறித்து, "சார், ஒரு கையெழுத்து" என்று நான் தாளை நீட்டும்போதெல்லாம், யாரோ ஒரு நோயாளியின் ஐந்து நிமிடத்தை எடுத்துக்கொள்கிறேன் என்ற உறுத்தல் எனக்கு இருக்கும்.

டெங்குவில் அந்த ஐந்து நிமிடத்துக்கு விலை அதிகம். கேள்விகளை அனுப்புகிறவர்கள் இந்த நோயின் போக்கைத் தெரிந்துகொண்டால் பாதிக் கேள்விகள் நின்றுவிடும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். மற்ற காய்ச்சல்களில் சூடு தணிந்தால் நல்லது என்று நிம்மதி அடைவோம். டெங்குவில் ஆபத்தான கட்டம் தொடங்குவதே பெரும்பாலும் காய்ச்சல் இறங்கும் நேரத்தில்தான், மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள். ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசியும். வயிறு வலிக்கும், ஓயாமல் வாந்தி வரும், பிள்ளை சோர்ந்து போகும். ரத்தம் கெட்டிப்படும், தட்டணுக்கள் குறையும். இந்த ஒன்றிரண்டு நாளில் உடலுக்குள் போகும் திரவத்தை மணிக்கணக்கு வைத்து அளந்து கொடுத்தால் பிழைத்துக்கொள்வார்கள். கொடுக்காவிட்டாலும் ஆபத்து, அளவுக்கு மீறிக் கொடுத்தாலும் ஆபத்து.

என் மேசைக்கு வரும் கேள்வி இப்படி இருக்கும்: "நோயாளிக்குக் காய்ச்சல் இறங்கிவிட்டதாக அட்டவணை காட்டுகிறது. தொடர்ந்து மருத்துவமனையில் வைத்திருப்பதன் அவசியத்தை விளக்கவும்." காய்ச்சல் இறங்கியதுதான் அவசியம். இதை எத்தனை முறை எழுதியிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. இன்னொரு கேள்வி தட்டணு எண்ணிக்கையைப் பற்றியது. எண்ணிக்கை இவ்வளவு இருக்கும்போது சேர்த்தது ஏன் என்பார்கள். அபாய அறிகுறிகள் இருந்தால் தட்டணு எவ்வளவு இருந்தாலும் சேர்க்க வேண்டும் என்பது இங்குள்ள செவிலியர் பயிற்சி மாணவிகளுக்கும் தெரிந்த பாடம்.

அடுத்தது 24 மணி நேர விதி. தொடர்ந்து 24 மணி நேரம் உள்நோயாளியாக இருந்தால்தான் மருத்துவமனைச் சிகிச்சை என்பது பெரும்பாலான பாலிசிகளின் அடிப்படை. பகல் நேரச் சிகிச்சைகள் என்று ஒரு பட்டியல் உண்டு, ஆனால் நரம்பில் திரவம் ஏற்றி எட்டு மணி நேரம் கண்காணிப்பது அதில் இல்லை. சாதாரண நாளில் இந்த விதியில் ஒரு நியாயம் இருக்கலாம். கூட்டம் நெரியும் நாளில் அது என்ன செய்கிறது தெரியுமா? காலை 8 மணிக்கு வந்தவருக்குத் திரவம் ஏற்றி, இரண்டு முறை ரத்தம் பார்த்து, மாலை 6 மணிக்கு அனுப்பிவிட்டு, நாளைக் காலை வந்து காட்டுங்கள் என்று சொல்வதுதான் மருத்துவர் செய்ய விரும்புவது. அந்தப் படுக்கையில் இரவு இன்னொருவரைச் சேர்க்கலாம். ஆனால் நோயாளியின் வீட்டார் என்னிடம் வந்து, "மேடம், 24 மணி நேரம் ஆகாவிட்டால் காசு வராதாமே, நாளைக் காலை வரை இருந்துவிடுகிறோம்" என்கிறார்கள். அவர்கள் மேல் குற்றம் இல்லை. ஆண்டுக்கு 20,000 ரூபாய் பிரீமியம் கட்டியவர்கள் பத்தாயிரம் ரூபாய் பில்லைக் கையிலிருந்து கட்டச் சொன்னால் யோசிக்கத்தான் செய்வார்கள். அப்படி ஒரு கட்டில் பதினான்கு மணி நேரம் நோய்க்காக அல்லாமல் கடிகாரத்துக்காக நிரம்பிக் கிடக்கிறது. உங்கள் விதி படுக்கையை வீணாக்கச் சொல்லவில்லை, ஆனால் விளைவு அதுதான்.

படுக்கை எண்ணிக்கை விதியும் அப்படித்தான். 10 லட்சத்துக்குக் குறைவாக மக்கள் வாழும் ஊரில் 10 படுக்கை, மற்ற ஊர்களில் 15 படுக்கை, சொந்தமாக அறுவை அரங்கம், 24 மணி நேரமும் மருத்துவரும் செவிலியரும். மத்திய மருத்துவ நிறுவனச் சட்டத்தின் கீழ் பதிவு இல்லாத இடம் என்றால், இவை இருந்தால்தான் அது மருத்துவமனை. போலி மருத்துவமனைகளைத் தடுக்க எழுதிய விதி என்பது புரிகிறது. ஆனால் பெரிய மருத்துவமனைகள் எல்லாம் இடமில்லை என்று கைவிரித்துவிட்ட இரவில், எட்டுப் படுக்கை உள்ள தெருமுனை நர்சிங் ஹோமில் ஒரு குழந்தைநல மருத்துவர் இடம் கொடுத்துக் காப்பாற்றினால், அந்தச் செலவுக்குக் காப்பீடு இல்லை. திரவம் ஏற்றுவதற்கு அறுவை அரங்கம் எதற்கு?

வீட்டுச் சிகிச்சைக்கு வருகிறேன். இங்கேதான் எனக்கு ஆற்றாமை அதிகம். டொமிசிலியரி என்று பாலிசிப் புத்தகத்தில் அச்சிடப்பட்டிருக்கும் பிரிவை நீங்களே வரையறுத்திருக்கிறீர்கள். மருத்துவமனையில் பார்க்க வேண்டிய நோயை வீட்டிலேயே பார்த்துக்கொள்வதற்கு அங்கே இரண்டு காரணங்கள் சொல்லப்பட்டிருக்கின்றன. நோயாளியை நகர்த்த முடியாத நிலை ஒன்று. மருத்துவமனையில் இடம் கிடைக்காதது இன்னொன்று. ஆக, மருத்துவமனைகள் நிரம்பிவிடும் நாள் ஒன்று வரும் என்பதை அந்த வரையறையை எழுதியவர் முன்பே நினைத்திருக்கிறார். அவரை நான் கையெடுத்து வணங்குவேன். ஆனால் பல பாலிசிகளில் அதற்கு அடுத்த பத்தியைப் படித்தால் விலக்குப் பட்டியல் வருகிறது. ஆஸ்துமா, மூச்சுக்குழல் அழற்சி, வயிற்றுப்போக்கு, இன்ஃபுளுயன்சா, காரணம் தெரியாத காய்ச்சல் எல்லாம் அதில் இருக்கும். மூன்று நாட்களுக்கு மேல் சிகிச்சை நீடித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இருக்கும். மருத்துவமனைகளை நிரப்பி வைக்கும் நோய்கள் எவை? காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் மூச்சுத் திணறலும்தானே? கதவைத் திறந்து வைத்துவிட்டு, அதற்குள் யார் வரக்கூடும் என்று பார்த்து அவர்களை மட்டும் தடுப்பது போல இருக்கிறது. கூட்ட நெரிசல் அறிவிக்கப்பட்ட நாட்களில் அந்த விலக்குப் பட்டியல் செல்லாது என்று ஒரு வரி போதும்.

அறை வாடகைக்கு ஒரு கணக்குச் சொல்கிறேன். 3 லட்சம் ரூபாய் பாலிசி, அறை வாடகை வரம்பு ஒரு சதவீதம், அதாவது நாளுக்கு 3,000 ரூபாய். பொது வார்டும் இரட்டைப் படுக்கை அறையும் நிரம்பிவிட்டன. 6,000 ரூபாய் தனியறை ஒன்றுதான் இருக்கிறது. குழந்தைக்கு வாந்தி நிற்கவில்லை. எந்தத் தாய் "3,000 ரூபாய் அறை காலியாகும்வரை காத்திருக்கிறேன்" என்பாள்? ஐந்து நாள் இருந்தால் அறைக்கு 30,000. அதில் 15,000தான் வரும், அது தெரிந்ததே. ஆனால் விகிதாசாரப் பிடித்தம் என்ற ஒன்று பின்னால் வருகிறது. பாதி வாடகைக்குத்தான் தகுதி என்பதால் மருத்துவர் கட்டணம், செவிலியர் கட்டணம் போன்றவற்றிலும் பாதிதான் தருவார்கள். அவை 24,000 என்றால் 12,000 போய்விடும். மொத்தம் 27,000 ரூபாயைத் தாய் தாலிக்கொடியை வைத்துக் கட்டுகிறாள். மருந்து, பரிசோதனை, உள்வைப்புக் கருவிகள் ஆகியவற்றில் இப்படிப் பிடிக்கக் கூடாது, தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு இது பொருந்தாது, அறைக்கேற்பக் கட்டணம் மாறாத மருத்துவமனைகளில் பிடிக்கவே கூடாது என்று 2020இல் நீங்கள் கட்டுப்படுத்தினீர்கள். நல்ல காரியம். மிச்சமிருப்பதையும் நெரிசல் காலத்தில் எடுத்துவிடுங்கள். விகிதாசாரப் பிடித்தம் வசதியை விரும்பித் தேர்ந்தெடுத்தவருக்காக எழுதப்பட்டது. வேறு இடமே இல்லாதவர் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை.

இங்கே மருத்துவமனைகளும் யோக்கியமாக நடந்துகொள்ள வேண்டும், அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். பொது வார்டில் இடம் வைத்துக்கொண்டே தனியறைக்குத் தள்ளுகிற இடங்கள் உண்டு. தகுதியுள்ள அறை காலியில்லை என்று மருத்துவமனை எழுதிக் கொடுத்தால், அந்த நேரத்துப் படுக்கைப் பதிவேட்டின் நகலையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்று விதியுங்கள். பொய் என்று பிறகு தெரிந்தால் மருத்துவமனையிடம் வசூலியுங்கள், நோயாளியிடம் அல்ல.

விதிகளைத் தளர்த்தினால் மோசடி பெருகும் என்பதுதான் நிறுவனங்களின் பதிலாக இருக்கும். அந்தக் கவலையை நான் தள்ளிவிடவில்லை. சேர்க்கத் தேவையில்லாதவரைச் சேர்த்ததையும், பில்லை ஊதிப் பெருக்கியதையும் இந்தத் துறையில் 13 ஆண்டு இருந்தவள் பார்க்காமல் இருக்க முடியுமா? ஆனால் சரிபார்ப்பதை யாரும் கைவிடச் சொல்லவில்லை. எப்போது சரிபார்ப்பது என்பதுதான் கேள்வி. நோயாளி கட்டிலில் இருக்கும்போது கேட்கும் கேள்வியை அவர் வீட்டுக்குப் போய் 30 நாள் கழித்துக் கேளுங்கள். கோப்பு எங்கள் அலமாரியில்தான் இருக்கும். முத்திரை தெளிவாக இல்லையென்றால் அப்போதும் புதிதாகப் போட்டுத் தர முடியும். நான் கேட்பவற்றில் பெரும்பகுதி நிறுவனங்களுக்குப் பணச் செலவே அல்ல, நேரம்தான். எட்டு மணி நேரக் கண்காணிப்புக்குத் தரும் பணம் ஒரு நாள் முழுக்கப் படுக்கையில் வைத்திருப்பதைவிடக் குறைவு என்பதால், ஒருவேளை மிச்சமாகவும் ஆகலாம்.

இப்படி முன்கூட்டியே எழுதி வைப்பது உலகத்தில் இல்லாத புதுமையும் அல்ல. அமெரிக்காவின் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தில் 1135 என்று ஒரு பிரிவு இருக்கிறது. அதிபர் பேரிடரையோ நெருக்கடி நிலையையோ அறிவித்து, சுகாதாரச் செயலரும் பொதுச் சுகாதார நெருக்கடியை அறிவித்துவிட்டால், அரசுக் காப்பீட்டின் நிபந்தனைகளில் பலவற்றை நிறுத்தி வைக்கும் அதிகாரம் உடனே வந்துவிடும். சிறிய கிராமப்புற மருத்துவமனைகள் 25 படுக்கைக்கு மேல் வைக்கக் கூடாது, நோயாளிகளைச் சராசரியாக 96 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்ற நிபந்தனைகள் 2020இல் அப்படித்தான் நிறுத்தி வைக்கப்பட்டன. அதே ஆண்டு மார்ச்சில் நியூயார்க் மாநிலத்தின் நிதிச் சேவைகள் துறை, மருத்துவமனைச் சேர்க்கைக்கான முன் அனுமதிப் பரிசீலனையை 90 நாட்களுக்கு நிறுத்தி வைக்குமாறு காப்பீட்டு நிறுவனங்களுக்கு எழுதியது. பிறகு சரிபார்த்துக்கொள்ளலாம், இப்போது மருத்துவர்களை விடுங்கள் என்பதுதான் அதன் சாரம். அவர்களுடைய காப்பீட்டு முறை நமக்கு முன்மாதிரி என்று நான் சொல்ல வரவில்லை, அதில் ஆயிரம் துன்பம் இருக்கிறது. அந்தச் சட்டப் பிரிவு ஒரு மின்சுவிட்ச் போலச் சுவரில் எப்போதும் இருக்கிறது, அதைத்தான் கேட்கிறேன்.

நம் நாட்டிலும் பேரிடர் என்றால் காகிதங்களைக் குறைக்கத் தெரியும். 2024 ஜூலை 30ஆம் தேதி வயநாட்டில் நிலம் சரிந்தபோது, க்ளெய்ம்களை விரைந்து தீர்க்கவும் ஆவணங்களைத் தளர்த்தவும் மத்திய அரசு காப்பீட்டு நிறுவனங்களுக்குச் சொன்னது. மலை சரிந்தால் உடனே கண்ணுக்குத் தெரிகிறது. ஒரு மாவட்டத்தின் எல்லா வார்டுகளும் ஒரே வாரத்தில் நிரம்புவது யார் கண்ணுக்கும் தெரிவதில்லை. அவ்வளவுதான் வேறுபாடு.

அப்படி ஒரு சுவிட்சை இங்கே போடுவது யார்? மாநில அரசு. தமிழ்நாட்டில் 1939ஆம் ஆண்டிலிருந்தே பொதுச் சுகாதாரச் சட்டம் இருக்கிறது. நோய்களை அறிவிக்கையிடவும் கட்டுப்பாடு விதிக்கவும் அரசுக்கு அதில் அதிகாரம் உண்டு. எந்த மாவட்டத்தில் காய்ச்சல் எவ்வளவு என்பதைப் பொதுச் சுகாதாரத் துறை நாள்தோறும் கணக்கெடுக்கிறது. 2021இல் எந்த மருத்துவமனையில் எத்தனை படுக்கை காலி என்பதை அரசு இணையதளத்தில் எல்லோரும் பார்க்க முடிந்தது. அந்த ஆண்டு மே 7ஆம் தேதி முதலமைச்சர் பதவியேற்ற அன்றே கையெழுத்திட்ட ஐந்து ஆணைகளில் ஒன்று, தனியார் மருத்துவமனையில் கொரோனா சிகிச்சைச் செலவை முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் அரசே ஏற்கும் என்பது. ஒரு கையெழுத்தில் முடிந்த காரியம். அரசின் காப்பீட்டுக்கு அது முடியும் என்றால், நாங்கள் பணம் கட்டி வாங்கிய காப்பீட்டுக்கு ஏன் முடியாது?

ஆகவே இப்படி ஒரு சுற்றறிக்கை வேண்டும்: ஒரு மாவட்டத்தில் மருத்துவமனைப் படுக்கைகள் நிரம்பிவிட்டன என்று மாநிலச் சுகாதாரத் துறை அறிவித்த நிமிடத்திலிருந்து, உங்கள் ஒப்புதலுக்குக் காத்திராமல், அந்த மாவட்டத்தில் எல்லாக் காப்பீட்டு நிறுவனங்களுக்கும் தளர்வுகள் அமலுக்கு வர வேண்டும். எந்த நோயாக இருந்தாலும். அவசரமாகச் சேர்க்கப்படுபவருக்கு முன் அனுமதி கேட்கக் கூடாது, தகவல் தெரிவித்தால் போதும். டிஸ்சார்ஜ் அனுமதிக்கு ஒரு மணி நேரம், கேள்வி கேட்டாலும் கடிகாரம் நிற்கக் கூடாது. நேரம் கடந்தால் நோயாளி வீட்டுக்குப் போகலாம், கணக்கை நிறுவனமும் மருத்துவமனையும் பிறகு பேசித் தீர்த்துக்கொள்ளட்டும். மருத்துவர் எழுதிக் கொடுத்தால் 24 மணி நேரத்துக்குக் குறைந்த கண்காணிப்பும், சிறிய மருத்துவமனையும், வீடும் ஏற்கப்பட வேண்டும். அறை வாடகையைப் பற்றி ஏற்கெனவே சொல்லிவிட்டேன். அறிவிப்பு 30 நாளில் தானாகக் காலாவதியாகட்டும், தேவை என்றால் மாநிலம் நீட்டிக்கட்டும். கால வரம்பு இல்லாத தளர்வை நானும் கேட்கவில்லை.

இதை எழுதுவதற்கு முன் எனக்குள் ஒரு தயக்கம் இருந்தது. ஒரு மேசை ஊழியர் ஆணையத்துக்கு எழுதலாமா என்று. பாலிசிதாரர்கள் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், சென்னையில் அலுவலகம் இருக்கிறது, 50 லட்சம் வரை தீர்ப்புச் சொல்ல அதிகாரம் இருக்கிறது. நானே பலருக்கு அந்த விண்ணப்பத்தை எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஆனால் அது நடந்து முடிந்ததற்கான நியாயம். 11.20க்கும் 4.10க்கும் இடையில் பெஞ்சில் படுத்திருக்கும் பையனுக்கு அங்கே மனுப் போட முடியாது. அவன் அந்தப் பாலிசியின் தரப்பும் அல்ல. மாடியில் உட்கார்ந்திருந்த பெரியவரின் பாலிசிக்கும் கீழே கிடந்த அந்தப் பையனுக்கும் எந்த ஒப்பந்தமும் இல்லை. அவனுக்காகப் பேசும் ஒரு பத்தி எந்தப் பாலிசியிலும் இல்லை. ஆணையம் எழுதினால்தான் உண்டு.

நீங்கள் கூட்டும் ஏதேனும் ஆலோசனைக் கூட்டத்தில் மருத்துவமனை முதலாளிகளோடும் நிறுவன அதிகாரிகளோடும் எங்களைப் போன்ற மேசை ஊழியர்கள் இரண்டு மூன்று பேரையும் உட்கார வையுங்கள். அனுப்பிய நேரம், கேள்வி வந்த நேரம், அனுமதி வந்த நேரம் மூன்றையும் ஒவ்வொரு நாளும் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். நோயாளிகளின் பெயர் இல்லாமல் அந்த நோட்டுகளைக் கொண்டுவரத் தயாராக இருக்கிறேன்.

அக்டோபரில் பருவமழை தொடங்கிவிடும். அதற்குள் எழுதிவிடுங்கள்.

இப்படிக்கு,
மதுரையிலிருந்து ஒரு மருத்துவமனைக் காப்பீட்டு மேசை ஊழியர்